தேரியில் மண் சத்தம்

ஏப்ரல் 7, வெள்ளி

உப்பு ஏஜென்ட் வருஷா வருஷம் ஓசியில் கொடுக்கும் டைரிகள் இதுவரை என் மனைவி அன்னபுஷ்பத்தின் பால் கணக்குக்குத்தான் போயின. இந்த வருஷத்து டைரியை நான் எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் சொன்னதை நாளைக்கு அவரே இல்லை என்பார். ஆறுமுகநேரியில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் வேலையில் தலை நரைத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். காலி லாரியை எடைக்கு ஏற்றும்போது, எடையைக் கூட்டிக் காட்ட லாரிக்காரன் சீட்டுக்கு அடியில் கல் வைத்துக்கொண்டு வருவான். கேட்டால் முகத்தில் சிரிப்பு மாறாது. ஆகவே யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வைக்கப்போகிறேன். நாலு பெரிய மனிதர்கள் முன்னால் பேச்சு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

நடந்தது இது. புதன்கிழமை பங்குனி உத்திரம். எங்கள் குலசாமி சாஸ்தாவுக்குக் காலையிலேயே பொங்கல் வைத்து முடித்துவிட்டு, சம்பந்தி வீட்டார் அழைத்தார்கள் என்று மதியம் அவர்களுடைய சாஸ்தா கோயிலுக்குப் போனோம். பனைவிளை சாஸ்தா. கோயில் தேரிக்குள் இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்மணல் மேடு, நடுவில் தகரக் கூரை போட்ட கோயில், சுற்றி உடைமரங்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடாரம் அடித்துப் பொங்கினார்கள். சாயங்காலம் வேனில் ஏறும்போது என் மகள் சிவகனியின் கழுத்து வெறுமையாக இருந்தது. தாலி, அது கோத்திருந்த செயின், எல்லாம் போயிருந்தது. கொக்கி கழன்றிருக்கும் என்றாள். இருட்டும்வரை எல்லாரும் மணலைச் சலித்தோம். கிடைக்கவில்லை.

அன்றைக்கே என் கைக்குட்டையும் காணாமல் போனது. முகம் கழுவிவிட்டுக் கூடாரக் கயிற்றில் காயப்போட்டிருந்தேன். வெள்ளை, ஒரு மூலையில் எடைமேடை ரப்பர் ஸ்டாம்பின் நீல மை. அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எடுத்த ஆள் தெரிந்தால் பெயர் எழுதுவேன்.

மறுநாள் சம்பந்தியம்மா ஜெயக்கொடி குறி கேட்டுவிட்டு வந்தார். அவர் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதே தாலி கெழக்குப் பக்கம் செம்மணலுக்குள்ள கெடக்காம். வேற தாலி கட்டுனா எம்புள்ளைக்கு ஆவாதாம். அது கெடைக்காம மருமவ வாசப்படி ஏறக் கூடாதுன்னு வாக்கு வந்திருக்கு சம்பந்தி. நான் என்ன செய்ய?"

புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம் என்ற யோசனை அதோடு செத்தது. நேற்று மாலை சிவகனி உடன்குடியிலிருந்து வந்து இறங்கினாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. கையில் பெரிய சூட்கேஸ். திறந்தபோது பார்த்தேன். அடியில் பி.காம். சர்டிபிகேட் பைல் இருந்தது. தொலைந்த நகையைத் தேட வந்தவளுக்கு சர்டிபிகேட் எதற்கு?

ஏப்ரல் 9, ஞாயிறு

புன்னைக்காயல் லூர்துவிடம் மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்தேன். கடலில் குளிக்கிறவர்கள் தவறவிடும் மோதிரம், கம்மல் தேடிக் கொடுக்கிற ஆள். நீளமான கம்பு, அடியில் வட்டமாக ஒரு தட்டு, மேலே குமிழும் பொத்தானும். தட்டை மண்ணுக்கு மேலே வீசிக்கொண்டே போக வேண்டும். உலோகம் இருந்தால் கத்தும்.

"கடல் மண்ணுல இது பொய் சொல்லாது அண்ணாச்சி. தேரி மண்ணு எனக்குப் பழக்கமில்ல" என்றான்.

முன்கூட்டியே இப்படிச் சொல்லி வைக்கிறவன்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

ஏப்ரல் 10, திங்கள்

மதியம்தான் எடைமேடை வேலை. விடிந்ததும் தேரிக்குப் போனேன். சிவகனியும் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். இடம் காட்ட வேண்டுமே.

கத்தாத இடமே இல்லை. தோண்டினால் மணல். தள்ளி வைத்தால் அங்கேயும் கத்தல், அங்கேயும் மணல். லூர்துவுக்குப் போன் போட்டேன். "பெல்ட் போட்டிருக்கியளா? சாவி, போன் எல்லாம் பையிலயா வச்சிருக்கிய?" என்றான். எல்லாவற்றையும் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீசினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கோயில் தகரக் கூரைக்குப் பக்கத்தில் போனால் இன்னும் மோசம்.

கெட்டுப்போன மிஷினை என் தலையில் கட்டிவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 12, புதன்

லூர்து தப்பித்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் செம்மணலில் இழுத்துப் பார்த்தேன். கறுப்புப் பொடி தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. மிஷின் பொய் சொல்லவில்லை, மண்தான் சொல்கிறது.

இதற்கு வைத்தியம் உண்டாம். தூரத்தில் யாரும் மிதிக்காத மணலாகப் பார்த்து, ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு தட்டை மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். கத்தல் மெல்ல மெல்ல அடங்கும். மிஷினை மண்ணுக்குப் பழக்குவது என்கிறான் லூர்து. பழக்கிய பிறகு கூர்மைக் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். ஆழம் குறையும், ஆனால் வெட்டிக் கத்தல் நின்றுவிடும்.

சிவகனி இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வருகிறாள். கேட்டேன். அன்னபுஷ்பம் முந்திக்கொண்டு "இப்ப அதான் பேஷன்" என்றாள். அவளிடம் யார் கேட்டார்கள்?

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. மாப்பிள்ளை கார்த்தீசன் முக்கனியும் கருப்பட்டியுமாக வந்தார். உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் அவருக்கு. குனிந்து என் காலைத் தொட்டார். "தேடுங்க மாமா, அவசரமில்ல" என்றார். குறை சொல்ல இடமில்லாத பிள்ளை. குறையே இல்லாத லாரியை நான் இரண்டாவது தடவை எடைக்கு ஏற்றுவேன். ஆனால் மாப்பிள்ளையை எந்த மேடையில் ஏற்றுவது?

சாப்பிட்டதும் தேரிக்குப் போனோம், சிவகனியும் வந்தாள். "எங்க உக்காந்திருந்த, சரியாச் சொல்லு" என்று மாப்பிள்ளை அவள் மேல்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். அவள் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றாள். அப்பா முன்னால் புருஷன் கையைப் பிடித்தால் வெட்கம் இருக்கும்தான். அப்புறம் கோயில் கிணற்றுப் பக்கம் காட்டினாள். திங்கள்கிழமை என்னிடம் கூடாரம் இருந்த மேட்டைக் காட்டியவள்.

ஏன் மாற்றிச் சொல்கிறாள் என்று குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

குப்பையைப் பொறுக்கியே காலை போனது. திருவிழாவுக்கு வந்த சனம் விட்டுப்போன சோடா மூடி, பிஸ்கட் தாள், கூடார ஆணி, நேர்ந்து கட்டி அறுந்து விழுந்த குட்டி மணி. இவற்றை எடுக்காமல் தேடினால், குப்பையின் சத்தத்துக்குள் தங்கத்தின் சத்தம் அமுங்கிப்போகும். ஒரு சாக்கு நிறைய அள்ளினேன். சாஸ்தா இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏப்ரல் 20, வியாழன்

எனக்கு இப்போது ஒரு சந்தேகம் பலமாக இருக்கிறது. அன்னபுஷ்பமும் மகளும் அடுக்களையில் பேசுகிறார்கள், நான் போனால் பேச்சு நிற்கிறது. அன்னபுஷ்பத்தின் தம்பி திருப்பூரில் கடை போட்டு நொடித்துப் போனவன். செயின் தேரியில் விழவே இல்லை, அவனிடம் போய்விட்டது என்றால் எல்லாம் பொருந்துகிறது.

அன்னத்திடம் கேட்டேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு லாரிக்காரனும் ஒண்ணு, பெத்த மவளும் ஒண்ணு" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க.

ஏப்ரல் 23, ஞாயிறு

நைலான் கயிறு கட்டி, தேட வேண்டிய இடத்தை நீள நீளப் பாத்திகளாகப் பிரித்தேன். ஒரு பாத்தி முடிந்த பிறகுதான் அடுத்தது. தட்டை மண்ணுக்கு ஒட்டினாற்போல, ஏறாமல் இறங்காமல் வீச வேண்டும். வீச்சின் முடிவில் கை தானாக உயரும், அங்கேதான் பொய்க் கத்தல் வரும். வேகமும் கூடாது. பச்சைப்பிள்ளைத் தொட்டிலை ஆட்டுகிற வேகம் போதும்.

சத்தம் கேட்டால் உடனே தோண்டக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். அதே இடத்தைக் குறுக்குவாட்டில் வந்து வீசிப் பார்க்க வேண்டும். உலோகமாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே இடத்தில் கத்தும். மண் சத்தமாக இருந்தால் இடம் மாறும், தேயும், மறுதடவை வராது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போலத்தான்.

சிவகனி டிபன் தூக்கை வைத்துக்கொண்டு வழக்கம் போல உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேறு இரண்டு மரத்திலும் நிழல் நன்றாக இருக்கிறது. இவள் மட்டும் அடைகோழி மாதிரி தினமும் அதே மரம், அதே இடம்.

"ஏப்பா, இந்த மிஷின் எம்புட்டு ஆழம் வரைக்கும் பாக்கும்?" என்று கேட்டாள். இப்போதாவது அக்கறை வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது. இந்த மண்ணில் முழங்கை ஆழம் தாண்டாது என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 27, வியாழன்

ஒன்றுமில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, பழைய பூட்டு ஒன்று.

மே 1, திங்கள்

மாப்பிள்ளை இப்போது தினமும் போன் செய்கிறார். மகள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவதால் எனக்குத்தான் செய்கிறார். "அவ எங்க மாமா? வீட்டுலதான் இருக்காளா? யாரு கூட போனா?" என்று கேட்கிறார். பாசமுள்ள பிள்ளை என்றேன் அன்னத்திடம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

இன்று தெருவில் ஒரு பைக் ஹாரன் கேட்டது. மாப்பிள்ளை வண்டி மாதிரியே இருந்தது. சிவகனி சாப்பிட்ட தட்டோடு எழுந்து பின்வாசல் வரை போய்விட்டாள். கேஸ் சிலிண்டர்காரன் அது. மறுபடி வந்து உட்கார்ந்து, இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வந்தபோது இருந்ததற்கு உடம்பு தேறியிருக்கிறது. நகையைத் தொலைத்தவளுக்குச் சோறு இறங்குவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மே 4, வியாழன்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மணல் சூடேற ஏற மிஷின் மறுபடி முனக ஆரம்பிக்கிறது. காலையில் பழக்கியது போதாது, வெயில் ஏறியதும் இன்னொரு தடவை பழக்க வேண்டும். லூர்து சின்னத் தட்டு ஒன்று கொடுத்தான். பார்க்கிற பரப்பு குறைவு, அதனால் மண் சத்தமும் குறைவு. மாட்டிப் பார்த்தேன். என்ன அமைதி. மிஷின் செத்துவிட்டதோ என்று பயந்து, என் சாவியைக் கீழே போட்டுப் பார்த்தேன். அழகாகக் கத்தியது.

மேற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்கினால் மணல் மேடு இடம் மாறிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். பாத்திகள் எல்லாம் முடிந்தன. பார்க்காத இடம் சிவகனி உட்காரும் மரத்தடி மட்டும்தான்.

மே 6, சனி

சிவகனி வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்களாம், பைலோடு முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

உடைமரத்தடியில் சத்தம் வந்தது. தோண்டினேன். மண் சத்தம். வேறொன்றும் இல்லை.

மே 7, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். இந்த டைரியை இனி எந்தப் பெரிய மனிதருக்கும் காட்டப்போவதில்லை. ஆகவே உள்ளதை எழுதலாம்.

சத்தம் சுத்தமாக வந்தது. குறுக்கே வந்து வீசினேன், அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம். சரியாக முழங்கை ஆழத்தில் கையில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். என் கைக்குட்டை. மூலையில் நீல மை. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்தால் தாலியும் செயினும். கொக்கி நன்றாகத்தான் இருந்தது.

தொலைந்த நகை தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இந்த வெயிலில் என்னை நாய் மாதிரி அலையவிட்டு, நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். எடைமேடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் தூத்துக்குடியிலிருந்து வரும்வரை நடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கைக்குட்டையை அவள் முன்னால் போட்டேன்.

"என்னட்டி இது?"

அவள் அழவில்லை. வலதுகை ரவிக்கைப் பொத்தானைக் கழற்றி, தோள் வரைக்கும் சுருட்டினாள். இடது கையையும் சுருட்டினாள். நான் என்ன பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். வந்து ஒரு மாசமாகியும் ஆறாமல் இருந்தவை அவை. சில வட்ட வட்டமாக இருந்தன. மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கெடச்சிட்டுன்னா மறுநாளே கூட்டிட்டுப் போயிருவாவப்பா" என்றாள். "அன்னைக்குக் கூடாரத்துக்குப் பொறத்தால கூட்டிட்டுப் போயி அடிச்சாரு. எல்லாரும் பொங்கல் எறக்கிக் கொலவ போட்டுக்கிட்டு இருந்தாவ. அப்புறம் அவரு பந்திக்குப் போயிட்டாரு. கயித்துல ஒங்க கைக்குட்ட கெடந்துது. கழத்திக் கட்டிப் பொதச்சிட்டேன். தாலி இல்லன்னா ஒங்க வீட்டுக்கு அனுப்புவாவன்னு ஒரு நெனப்பு. அத்தைக்குக் குறியில நம்பிக்கை ஜாஸ்தி."

"கல்யாணமாகி ரெண்டு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே."

அதற்கு அன்னபுஷ்பம்தான் பதில் சொன்னாள். "எனக்கு இவ வந்த அன்னைக்கே தெரியும். ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? மாப்பிள்ளையக் கூப்பிட்டு, அவரு பக்கத்தையும் கேப்போம்பிய. அவரு கால்ல விழுவாரு. நாலு பேர வச்சு இவளத் திருப்பி அனுப்பிருப்பிய."

செய்திருப்பேன். அதுதான் என்னை அறுக்கிறது. யாரையும் நம்பாத நான் நம்பியது அந்த ஒருவனை மட்டும்தான். வெட்கமாக இருக்கிறது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

மே 9, செவ்வாய்

கார்த்தீசன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேரிக்கு வருகிறானாம். கடைசித் தேடல். மிஷினை அவனே பிடித்துப் பார்ப்பானாம். சிவகனியும் இருக்க வேண்டுமாம். "கெடச்சா அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் மாமா" என்றான். சரி மாப்பிள்ளை என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

செயினை வீட்டில் வைக்க முடியாது. ஜெயக்கொடியை எனக்குத் தெரியும். கிடைக்கவில்லை என்றால் அடுத்த பேச்சு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்பதுதான். சாமி முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது. மேலும் அது அவர்கள் போட்ட நகை. அதில் ஒரு குண்டுமணி என் வீட்டில் இருந்தாலும் என் மகள் திருடி ஆகிவிடுவாள்.

மே 10, புதன்

விடியலில் தனியாகப் போய், எடுத்த இடத்திலேயே புதைத்தேன், அதே கைக்குட்டையில். சிவகனியைவிட ஆழமாக.

மே 14, ஞாயிறு

அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். இத்தனை நாள் கற்றுக்கொண்டதை எல்லாம் தலைகீழாகச் செய்தேன். சின்னத் தட்டைக் கழற்றிப் பெரிய தட்டை மாட்டினேன். மிஷினைக் கிணற்றடி ஈரக் களிமண்ணுக்குப் பழக்கினேன். கூர்மைக் குமிழைக் கடைசி வரை திருகினேன். கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினேன். சாக்கில் இருந்த சோடா மூடிகளையும் ஆணிகளையும் பழையபடி விதைத்துவிட்டேன். சாஸ்தா என்னை மன்னிக்க வேண்டும்.

கார்த்தீசன் பெல்ட் போட்ட பேண்ட்டில் வந்தான். இடுப்பில் குடோன் சாவிக் கொத்து, பையில் போன், கையில் வெள்ளிக் காப்பு. நான் எதையும் கழற்றச் சொல்லவில்லை. மிஷினை அவன் கையில் கொடுத்து, "நல்லா வேகமா வீசிப் பாருங்க மாப்ள" என்றேன்.

முதல் அடியிலேயே கத்தியது. பாய்ந்து தோண்டினான். மணல். அடுத்த அடி, சோடா மூடி. அதற்கடுத்து மறுபடி மணல். வெயில் ஏறியது, மிஷின் நிறுத்தாமல் ஓலமிட்டது. ஜெயக்கொடி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்து பார்த்தார். சிவகனி தூக்கு வாளியோடு உடைமரத்தடியில் இருந்தாள்.

சுற்றிச் சுற்றி வந்தவன் கடைசியில் அவள் முன்னால் நின்றான்.

"எந்திரி."

எழுந்து தள்ளி நின்றாள். வீசினான். கத்தியது.

"இங்கயும் கத்துது மாமா."

"எல்லா எடத்துலயும்தான் கத்துது மாப்ள. இந்த மண்ணு அப்படி."

மண்வெட்டியை எடுத்து வெட்டினான். தேரி மணல் காய்ந்த மணல். ஒரு வெட்டு வெட்டினால் ஓரத்திலிருந்து இரண்டு வெட்டு சரிந்து விழும். அவன் வெட்ட வெட்டக் குழி தூர்ந்தது. நான் சிவகனியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் என் கண் போகும் இடத்தைப் பார்ப்பான். இன்னும் ஒரு சாண் இறங்கினால் போதும். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. கடைசி வெட்டில் வேர் குறுக்கே வந்து மண்வெட்டி துள்ளியது. தூக்கி வீசினான். மிஷினையும் காலால் எத்தினான்.

"எல்லாம் இந்த மூதேவியால" என்று திரும்பி அவள் மேல்கையைப் பிடித்தான். சித்திரை ஒன்றாம் தேதி பிடித்த அதே இடம். மறு கை ஓங்கியது. நான் இருப்பதை அவன் மறந்துவிட்டான், அல்லது நான் இருந்தால் என்ன என்று இருந்தான்.

"கைய எடுல."

மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாயால் அதைச் சொன்னேன். அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பிரித்தேன். சிவகனியை எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவன் உடனே முகத்தை மாற்றி, "வெயிலு மாமா, கோவத்துல..." என்று குனிய வந்தான். காலை நகர்த்திக்கொண்டேன்.

ஜெயக்கொடி படியிலிருந்து இறங்கி வந்தார். மகன் கை ஓங்கியதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "சம்பந்தி, எனக்கு என்னமோ சரியாப் படல. செயின் ஒங்ககிட்ட இல்லைன்னு எங்க சாஸ்தா முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியளா?"

"கொண்டாங்க" என்றேன்.

தகரக் கூரைக்குக் கீழே சூடம் ஏற்றினார். "அந்தத் தாலியும் செயினும் என் கையிலயும் இல்ல, என் வீட்டுலயும் இல்ல. நான் விக்கவுமில்ல, யாருக்கும் குடுக்கவுமில்ல. இருந்தா இந்தச் சாமி என்னக் கேக்கட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது. சாஸ்தா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் சாமி. ஆனாலும் பங்குனி உத்திரத்தன்று கூடாரத்துக்குப் பின்னால் நடந்ததை அவரும் பார்த்திருப்பார் அல்லவா.

ஜெயக்கொடி பெருமூச்சு விட்டார். "அப்ப சாமியே எடுத்துக்கிட்டுது. வாக்குப்படி இவ எங்க வாசல் ஏற முடியாது."

"ஏற வேண்டாம் சம்பந்தியம்மா" என்றேன். "நாளைக்கு வக்கீலப் பாக்கப் போறோம்."

கார்த்தீசன் என்னவோ சொல்ல வந்தான். சிவகனி என் பின்னாலிருந்து வெளியே வந்து, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். நான் இன்னும் வண்டியை எடுக்கவே இல்லை.

மே 16, செவ்வாய்

நேற்று வக்கீலைப் பார்த்தோம். நடந்த அத்தனையையும் சொன்னேன், செயின் கிடக்கும் இடம் உட்பட. திட்டினார். பிறகு, விவகாரம் கோர்ட்டுக்கு வரும்போது தாலியை முறையாக அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றார். கச்சான் காற்றுக்கு முன்னால் போய் எடுக்க வேண்டும். அதற்கு மிஷின் தேவையில்லை.

மிஷினை லூர்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். குமிழ்களைப் பார்த்துவிட்டு, "யாரு அண்ணாச்சி இப்படித் திருவி வச்சது? இப்படி வச்சா ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாதே" என்றான்.

"ஆமா" என்றேன்.

ஆடிட்டர் ஆபீஸில் சிவகனியை வரச் சொல்லிவிட்டார்கள். இன்று முதல் நாள். அன்னம் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அரைக்கை ரவிக்கையோடுதான் போனாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் அவள் கைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இழுத்து மூடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முகத்தைத் துடைக்கத்தான் கைக்குட்டை இல்லாமல் போய்விட்டது.